குனிந்திருக்கும் படம்

“அதை ஒரு தடவை செஞ்சு காட்டும்மா. போட்டோவுக்கு.”

மேடையில் அவர் இப்படிக் கேட்டபோது நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கையில் காபி கப். குடிக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே இருந்ததில் மேலே ஆடை படிந்துவிட்டது. ஓசூரில் ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் யாருக்கோ கல்யாணம் நடந்திருக்க வேண்டும். வாடின மல்லிகையும் சாம்பாரும் கலந்த வாடை இன்னும் போகவில்லை.

கேட்டவர் ஊரில் பெரிய மனிதர், ஒரு சங்கத்துக்குத் தலைவர். கேட்கப்பட்டவள் என் தங்கை ஜெசிந்தா. நாங்கள் கூப்பிடுவது ஜெசி. சர்வதேச தடகளப் போட்டியில் நூறு மீட்டர் தடை ஓட்டம் ஓடிவிட்டு வந்தவள்.

அவர் செய்து காட்டச் சொன்னது தடை தாண்டுவதை அல்ல. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஜெசி குனிந்து அந்தப் பிள்ளையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அதைத்தான் கேட்டார்.

அவளுக்குப் பின்னால் மேடை அகலத்துக்கு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதிலும் அவள் குனிந்துதான் இருந்தாள்.

இதை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பத்திரிகைத் தொடரில் கம்பெனியில் சேர்ந்த கதையையும், லைன் வீட்டுக் கதைகளையும் போன வாரங்களில் எழுதியபோதே, அது வெளிவருகிற ஒவ்வொரு வியாழக்கிழமையும் பயந்துகொண்டுதான் இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிழையாக எழுதிவிட்டால் சிரிப்பார்களோ என்று ஒரு பயம். சரியாக எழுதிவிட்டால் யாருக்காவது கோபம் வருமோ என்று இன்னொரு பயம். ஜெசிக்கு அடுத்து ஒரு தேர்வு ஓட்டம் வேறு இருக்கிறது. இதைப் படித்துவிட்டு அவளைக் கழித்துக் கட்டிவிட்டால்?

அவளிடமே கேட்டேன். “எழுது” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பயத்தைவிடக் கோபம் ஒரு பிடி அதிகமாக இருக்கிறபோதே எழுதிவிடுகிறேன்.

எட்டு, அப்புறம் மூன்று மூன்றாக

தடை ஓட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நூறு மீட்டரில் பத்து தடை. ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். ஓட ஆரம்பித்து எட்டு எட்டு, அதாவது எட்டுக் காலடி, வைத்தால் முதல் தடை. அதற்குப் பிறகு தடைக்கும் தடைக்கும் நடுவில் மூன்றே எட்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மூன்று வைத்தால்தான் அடுத்த தடைக்கு அதே கால் முன்னால் போகும். நான்கு வைத்துவிட்டால் பழகாத காலில் தாண்ட வேண்டும்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பயத்தினால்தான். ஜெசி ஓடும்போது நான் முகத்தைப் பார்க்க மாட்டேன். காலைத்தான் எண்ணுவேன். ஒன்று இரண்டு மூன்று, ஹப். ஒன்று இரண்டு மூன்று, ஹப். பத்தாவது ஹப் வந்த பிறகுதான் மூச்சு விடுவேன். எங்கள் கம்பெனி வண்டிகளுக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனி. போர்டில் ஒயர் கோக்கும்போதுகூட என் விரல் மூன்று மூன்றாகத்தான் போகும். பக்கத்து ஸ்டேஷனில் நின்று வேலை செய்கிற ரத்னம்மா கேலி செய்வாள்.

“ஏன் மேரி, நீ ஒயர் கோக்கிறியா, ஜெபமாலை உருட்டுறியா?”

எனக்கும் ஜெசிக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அப்பா போன பிறகு அம்மா தளியில் ரோஜாப் பண்ணை வேலைக்குப் போனாள். கண்ணாடித்தாள் கூரை போட்ட பந்தலுக்குள் விடியற்காலையில் நுழைந்தால் சாயங்காலம்தான் வெளியே வருவாள். நான் ஓசூருக்கு வந்து கம்பெனியில் சேர்ந்தேன். இங்கே பள்ளிக்கூடம் நல்லாயிருக்கும் என்று ஜெசியையும் என்னோடு வைத்துக்கொண்டேன். ஆக, அவளுக்குத் தலை பின்னியது நான், அடித்தது நான், பரீட்சைக்கு எழுப்பியது நான். அவளுக்குக் கெட்டது ஏதாவது படிந்திருந்தால் அதுவும் என் கையிலிருந்துதான்.

ஓட்டம் மட்டும் அவளுடையது. சிந்தடிக் ட்ராக் வேண்டுமென்று வருஷக் கணக்காக அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு பஸ்ஸில் போய் வந்தாள். பையில் ஸ்பைக்ஸ் ஷூ, வேகவைத்த முட்டை, என்னுடைய பத்து போன் கால்.

கேட்டில் நின்று பார்த்த பந்தயம்

போட்டி வேறு தேசத்தில். நம் நேரத்துக்கு அது சாயங்காலம், எனக்கு செகண்ட் ஷிஃப்ட். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். சூப்பர்வைசரிடம் கெஞ்சி என் டீ பிரேக்கை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். பதினைந்து நிமிஷம்.

ரத்னம்மாவும் கூட வந்தாள். செக்யூரிட்டி கூண்டுக்குப் பக்கத்தில், பைக் ஸ்டாண்டு நிழலில், போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். ஒரிசாக்காரர் செக்யூரிட்டி, அவரும் எட்டிப் பார்த்தார்.

அது ஹீட்ஸ் என்கிற முதல் சுற்று. முதல் மூன்று பேர் நேராக செமி ஃபைனல் போவார்கள். ஜெசி ஐந்தாவது லேனில் நின்றாள். கேமரா அவள்மேல் வந்தபோது கழுத்துச் சிலுவையை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் போலவே.

துப்பாக்கி வெடித்தது. எட்டு எட்டு, ஹப். ஒன்று இரண்டு மூன்று, ஹப். ஐந்தாவது தடை வரைக்கும் அவள் இரண்டாவதாகப் போனாள். நான் பொய் சொல்லவில்லை. வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது.

ஆறாவது தடையில் நான்காவது லேன் பெண்ணுக்குக் கால் தட்டியது. அவள் தடுமாறி வலப்பக்கம் சாய்ந்து ஜெசியின் லேனுக்குள் வந்தாள். அவள் கை ஜெசியின் தோளில் அறைந்தது. ஏழாவது தடையைத் தாண்டி ஜெசி இறங்குகிற இடத்தில் அந்தப் பெண்ணின் கால் இருந்தது. ஜெசியின் பாதம் அந்தக் காலில் உரசியது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

நான்காவது எட்டை நான் வாய்விட்டு எண்ணினேன். ரத்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டாவது தடையை ஜெசி பழகாத காலில் தாண்டினாள். ஒன்பதையும் பத்தையும் எப்படியோ தாண்டினாள்.

நான்காவதாக வந்தாள். மூன்றாவது, அந்த நான்காவது லேன் பெண். நடுவில் ஒரு கை அகலம் இருக்கும்.

“அவ வந்து இடிச்சாளே மேரி” என்றாள் ரத்னம்மா. “என் கண்ணால பார்த்தேன். இவ லைன்லதானே ஓடிக்கினு இருந்தா இவ?”

செக்யூரிட்டி அண்ணனும் தலையை ஆட்டினார்.

திரையில் அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜெசி மூச்சு வாங்கிக்கொண்டே அவளிடம் போனாள். குனிந்தாள். அந்தப் பெண்ணின் காலைத் தொட்டாள். தொட்ட விரலைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கேமரா அதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தடை தாண்டும்போது எட்டுப் பேரில் ஒருத்தியாகத் தெரிந்தவள் குனிந்ததும் திரை முழுக்க வந்தாள்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கோபம் இல்லை. ‘அப்பாடா’ என்றுதான் தோன்றியது. மன்னிப்புக் கேட்டுவிட்டாள், இனி பிரச்சினை இல்லை என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

குழாயடி

கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவது எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் ஜெசிக்குச் சொல்லிக்கொடுத்தது அது அல்ல.

ஜெசிக்கு ஆறோ ஏழோ வயது. பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். எட்டு வீட்டுக்கு ஒரு குழாய். வீட்டுக்காரம்மா ஒருநாள் குழாயடிக்கு வந்து வரிசையில் நிற்கிறவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். போகிற வேகத்தில் ஜெசிமேல் மோதினார். ஜெசி கால் அவர்மேல் பட்டுவிட்டது. குடம் சரிந்து அவர் புடவை நனைந்தது.

“யார் வீட்டுக் குழந்தைடி இது? மிதிச்சுட்டு முழிச்சுக்கினு நிக்குது.”

ஜெசி சொன்னாள், “நீங்கதான் வந்து இடிச்சீங்க.”

சரியான பதில். அதற்கு நான் என்ன செய்தேன்? எல்லோர் முன்னாலும் அவள் முதுகில் ஒன்று வைத்தேன். “கும்பிடுடி” என்றேன். அவள் அழுதுகொண்டே அந்தம்மா காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

அன்றைக்கு இரவெல்லாம் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று நான் தூங்கவில்லை. காலையில் ஜெசியை உட்காரவைத்து ஒரு பாடம் நடத்தினேன். என் வாழ்க்கையில் நான் நடத்திய ஒரே பாடம்.

“யார் கால் யார் மேல பட்டாலும் நீ முதல்ல கும்பிட்டுடு. யார் தப்புன்னு பார்க்காத. பார்த்தா வீடு போயிடும்.”

நன்றாகப் படிக்கிற பிள்ளை அவள். ஒரே தடவையில் படித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் அவள் காலை யாராவது மிதித்தால்கூட அவள் கைதான் கண்ணுக்குப் போகும். பார்க்கிறவர்கள் “எவ்வளவு நல்லா வளர்த்திருக்கே” என்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பார்த்தீர்களா, எனக்கே பெருமையாக இருந்தது.

பதினெட்டு நிமிஷம்

பந்தயம் முடிந்தும் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன். பிரேக் முடிய ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ இருந்தது. லாக்கரில் வைக்கப் போன போன் அடித்தது. ஜெசி. அவள் குரல் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, பார்த்தியா? அவதான என் லேனுக்குள்ள வந்தா?”

“பார்த்தேன்டி. அடி ஏதாவது பட்டுச்சா?”

“அது கெடக்குது. ரிசல்ட் போட்டு அரை மணி நேரத்துக்குள்ள போயி ஆட்சேபணை சொன்னா, வீடியோவைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பாங்களாம். நம்ம பக்கம் நியாயம் இருந்தா செமி ஃபைனல்ல ஓட விடுவாங்களாம். சார் போவ மாட்டேங்குறாரு.”

சார் என்றது அணியோடு போன மேனேஜரை. ஜெசியும் கோச்சும் அவரைத் தேடி அலைந்திருக்கிறார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர் சொன்னாராம், “நீயே போய் அவள் காலில் விழுந்துவிட்டாய். உலகமே பார்த்திருக்கிறது. இப்போது அவள்மேல் தப்பு என்று எந்த முகத்தோடு நான் போய்ச் சொல்வது?” விழவில்லை, தொட்டுக் கும்பிட்டேன், எங்கள் ஊரில் கால் பட்டால் அப்படிச் செய்வோம் என்று இவள் தெரிந்த இந்தியில் சொல்லியிருக்கிறாள். “அதைத்தான் நானும் சொல்கிறேன், தப்புச் செய்தவர்தானே கும்பிடுவார்” என்று அவர் டீயை முடித்திருக்கிறார்.

“நானே போலாமாம்க்கா” என்றாள் ஜெசி. “ஓடுனவங்களே நேரா ரெஃபரிகிட்ட சொல்லலாம்னு கூட ஓடுற பொண்ணு சொல்லுச்சு. இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்குது. போவட்டா?”

நான் உடனே பதில் சொன்னேன். யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் வருகிற பதில் எல்லாம் பயத்தின் பதில்தான்.

“வேணாம்டி. சாரைத் தாண்டிப் போனா அடுத்த தடவை உன்னைக் கூட்டிக்கினு போவ மாட்டாங்க. பெரிய எடத்துப் பகை நமக்கு எதுக்கு?”

“அக்கா, நான் ரெண்டாவது ஓடிக்கினு இருந்தேன்.”

“தெரியும்டி கண்ணு. விட்டுடு. உடம்பு நல்லாயிருந்தாப் போதும். அடுத்த தடவை பார்த்துக்கலாம்.”

சங்கு ஊதியது. பிரேக் முடிந்தது. ரத்னம்மா என் முழங்கையை இழுத்தாள்.

“சரி, வைக்கட்டா? லைன் ஓடிடும்” என்றேன்.

நான் போனைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன். என் ஸ்டேஷன் மேலே ஒரு கடிகாரம் உண்டு. அந்தப் பதினெட்டு நிமிஷமும் கழிந்ததை ஒயர் கோத்துக்கொண்டே பார்த்தேன். மூன்று மூன்றாக.

அவள் போகவில்லை. நான் சொன்னால் கேட்கிற பிள்ளை.

சிவப்பு டேக்

கம்பெனியில் ஒரு முறை இருக்கிறது. ஒயர் கட்டில் கோளாறு தெரிந்தால் அந்த நிமிஷமே சிவப்பு டேக் கட்ட வேண்டும். யார் செய்த கோளாறு என்பது அப்புறம். பார்த்தவள் கட்ட வேண்டும். டேக் இல்லாமல் என் ஸ்டேஷனைத் தாண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டால் அது நல்ல பீஸ் என்று கணக்கு. அதற்குப் பிறகு தொண்டை கிழியக் கத்தினாலும், “பார்த்தப்பவே ஏன் கட்டல?” என்று கேட்பார்கள்.

பதினாறு வருஷமாக அந்த டேக்கைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். என் கையைத் தாண்டி ஒரு கெட்ட ஒயர் வெளியே போனதில்லை என்று எனக்கு இரண்டு தடவை ஷீல்டு கொடுத்திருக்கிறார்கள். ஒயருக்குக் கட்டத் தெரிந்த எனக்குத் தங்கைக்குக் கட்டத் தெரியவில்லை.

பாராட்டு

மறுநாள் காலையில் பார்த்தால் ஊரே அவளைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பத்து நொடி வீடியோ எல்லார் போனிலும் வந்துவிட்டது. இடித்தது அதில் கிடையாது. அதை வெட்டிவிட்டார்கள். அவள் குனிவதிலிருந்து ஆரம்பிக்கிறது, கண்ணில் ஒற்றுவதோடு முடிகிறது. பின்னால் புல்லாங்குழல் வேறு. ‘தோற்றாலும் பண்பாட்டைத் தோற்கவிடாத தமிழச்சி’ என்று எழுதியிருந்தார்கள். தோற்றாள் என்று யார் சொன்னது? தோற்கடித்தது யார் என்று எவனாவது கேட்டானா?

சிலர் ‘எங்கள் மதத்துப் பெண்’ என்று பெருமையாகப் போட்டார்கள். பேரைப் பார்த்த பிறகு அதே ஆட்கள் பாராட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதிலாவது ஒரு நேர்மை இருந்தது.

கம்பெனி நோட்டீஸ் போர்டில் அவள் படத்தை ஒட்டி, கீழே ‘பணிவே வெற்றி’ என்று ஆபீஸ்காரர்கள் எழுதிவைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ரத்னம்மா சொன்னாள், “பணிஞ்சா மூணாவது வந்தவளுக்குத்தான் வெற்றி. இதைக் கூட எழுதச் சொல்லு.”

சர்ச்சில் பாராட்டினார்கள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் பாராட்டினார்கள். எல்லா இடத்திலும் அதே குனிந்திருக்கும் படம். இத்தனை வருஷம் ஓடியிருக்கிறாள். கால் நேராக நீண்டு, உடம்பு முன்னால் மடிந்து, தடைக்குமேல் ஒரு சாண் இடைவெளியில் பறக்கிற படம் நூறு இருக்கும் அவளிடம். ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண் நிமிர்ந்து தாண்டுகிற படம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

ஜெசி ஊர் திரும்பியபோது அம்மா தளியிலிருந்து வந்தாள். பண்ணையில் கன்னடக்காரர்களோடு வேலை செய்து செய்து அவளுக்குப் பாதிப் பேச்சு கன்னடம். ஜெசி தலையைத் தடவி, “பிடு, ஆயித்து” என்றாள். விடு, முடிந்துவிட்டது என்று அர்த்தம். அம்மாவும் விடச் சொன்னாள், நானும் விடச் சொன்னேன், மேனேஜரும் விட்டார். அவர் விட்டதும் எங்களுடையதைத்தான். எங்களைத் தவிர யாரும் தங்களுடையது எதையும் விடுவதாகத் தெரியவில்லை.

அந்த போன் காலைப் பற்றி ஜெசி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. சாப்பாடு போடும்போது, துணி மடிக்கும்போது, அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டே இருந்தது.

மேடை

மண்டபத்துக்கு வருகிறேன்.

“செஞ்சு காட்டும்மா” என்று தலைவர் கேட்டதும் போட்டோகாரர்கள் முன்னால் வந்து மண்டியிட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வெட்கத்தில் நெளிந்தது.

ஜெசி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“என்மேலதான் சார் இடிச்சாங்க” என்றாள். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

தலைவர் சிரித்தார். “அதான்மா பெருமையே. அவங்க இடிச்சும் நீ கும்பிட்டே பாரு.”

கைதட்டல். ஜெசி கையை முன்னால் கொண்டுவரவே இல்லை. தலைவருக்குச் சிரிப்பு குறைந்தது. தொகுத்து வழங்கிய பெண் சமாளித்துக்கொண்டு, “இப்படி ஒரு தங்கையை வளர்த்த அக்காவை மேடைக்கு அழைக்கிறோம்” என்றாள்.

என் காபி புடவையில் சிந்தியது. நடந்து மேலே போனேனா, யாராவது தள்ளிக்கொண்டு போனார்களா, தெரியாது. கையில் மைக் கொடுத்தார்கள். நன்றி என்று மட்டும் சொன்னால் போதும் என்று யாரோ காதில் சொன்னார்கள். நான் ஜெசியைப் பார்த்தேன். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் இவளைச் சரியா வளர்க்கலீங்க” என்றேன்.

மண்டபமே கைதட்டியது.

எனக்குப் புரியவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். “இல்லீங்க. நெசமாத்தான் சொல்றேன். அன்னிக்கு இவ எனக்கு போன் பண்ணிக் கேட்டா, நான்தான்...”

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக எடுத்தார்.

“பார்த்தீங்களா, எவ்வளவு அடக்கம். தங்கச்சிக்கு எங்கருந்து வந்ததுன்னு இப்பத் தெரியுது.”

என் தோளில் சால்வை விழுந்தது. பளீர் பளீர் என்று போட்டோ. அதில் ஒன்று மறுநாள் பேப்பரில் வந்தது. சால்வைக்காக நான் குனிந்திருக்கிறேன்.

மைக்கில் சொல்ல விடாத மிச்சத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். அரை மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது, தெரியும். வீடியோவை யாரும் திருப்பிப் போட்டுப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் டேக் கட்டாமல் இதை என் ஸ்டேஷனைத் தாண்டிப் போக விட மாட்டேன். அவள் லேனுக்குள் வந்து இடித்தார்கள். கேட்க வேண்டியவர் டீ குடித்தார். கேட்கப் போனவளை நான் தடுத்தேன்.

தளி பஸ்

விழா முடிந்து அம்மாவைப் பார்க்கத் தளிக்குப் போக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். சால்வை, பொன்னாடை, கண்ணாடி போட்ட படம் எல்லாம் ஒரு கட்டைப்பையில். படத்தை நான் உள்பக்கம் திருப்பி வைத்திருந்தேன்.

“மேடையில என்னா சொல்ல வந்தே?” என்றாள் ஜெசி.

“போன்ல வேணாம்னு சொன்னது நான்தான்னு.”

அவள் பஸ்களைப் பார்த்தபடியே பேசினாள்.

“நான் கேட்டிருக்கவே கூடாது” என்றாள். “உங்கிட்டக் கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. உன் வாயால கேட்டுக்கினா என் தப்பு இல்லைன்னு ஆயிடும்ல.”

நான் வாயைத் திறந்தேன்.

“இரு, நான் பேசிடறேன். இனிமே உனக்குப் பயமா இருந்தா நீயே வச்சுக்கோக்கா. எனக்கு அனுப்பாத. எங்கிட்ட ஏற்கெனவே நெறைய இருக்குது.”

பஸ் வந்தது. நல்ல கூட்டம். பூக்கூடை, கோஸ் மூட்டை, ஷிஃப்ட் முடிந்த கம்பெனி ஆட்கள். எங்களுக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது. டிரைவர் ஒரு பிரேக் போட்டதில் பின்னால் நின்றிருந்த ஒரு ஆள் முன்னால் சரிந்து, ஷூ காலோடு ஜெசியின் பாதத்தை மிதித்தார். செருப்பு போட்ட பாதம். அவள் தடை தாண்டுகிற கால்.

அவள் கை மேலே எழும்பியது. எனக்கு அந்தக் கையைத் தெரியும். கண்ணுக்குப் போகிற கை.

பாதியில் நின்றது. மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டது.

“காலை எடுங்க” என்றாள்.

அந்த ஆள் காலை எடுத்துவிட்டு, முகத்தைச் சுளித்தார். “கூட்டத்துல கால் படத்தான்மா செய்யும். இதுக்குப் போயி மொறைக்கிற.”

பரவாயில்லீங்க என்று சொல்ல என் வாய் தானாகத் திறந்தது. பழக்கம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து உள்ளே இழுத்துக்கொண்டேன். கட்டைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டேன். அந்த ஆள் சண்டைக்கு வருவாரோ, நடுவழியில் இறக்கிவிடுவார்களோ, பஸ்ஸில் எல்லோரும் பார்க்கிறார்களே.

ஜெசி திரும்பி அவர் முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

“மிதிச்சது நீங்க” என்றாள்.

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் போய்க்கொண்டிருந்தது. யாரும் எங்களை இறக்கிவிடவில்லை.